திருநீறு தின்ற காத்தாடி

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு குணம் இருந்தது. கணக்குப் பார்த்தாலும் சத்தம் போடாது, கடிதம் அடித்தாலும் சத்தம் போடாது. ஏதாவது படத்தை ஓடவிட்டால் மட்டும் அதன் வயிற்றுக்குள் இருக்கிற காத்தாடி எழும்பிவிடும். முதலில் ஒரு முனகல், பிறகு ஒரு உறுமல். கொஞ்ச நேரம் போனால், கண்டி கூட்ஸ்ஷெட் பஸ் ஸ்டாண்டில் புறப்படப் போகிறேன் போகிறேன் என்று உறுமிக்கொண்டே நிற்கிற பழைய பஸ்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல ஆகிவிடும். படத்தில் உள்ளவர்கள் வாயை அசைப்பார்கள். என்ன பேசுகிறார்கள் என்பது அந்த முருகனுக்குத்தான் வெளிச்சம்.

வேறு படம் என்றால் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். இது எங்கள் கல்யாண வீடியோ.

எங்கள் மகள் நிரோசாவுக்கு இந்த ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கிறோம். மண்டபம், சமையல், மேளம் எல்லாம் பேசி முடித்து, கடவுளே என்று உட்கார்ந்த ஒரு சாயங்காலம், தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு என் மனைவி சரோஜா ஆரம்பித்தாள்.

"என்னாங்க, நம்ம கல்யாணத்துல எங்கப்பா வீடியோக்காரங்கிட்ட என்னமோ சொன்னாருல்ல?"

"ஆமா, சொன்னாரு."

"அதையேதான் நீங்களும் புள்ள கல்யாணத்துல சொல்லணும்."

"என்னா சொன்னாருன்னு யாருக்குத் தெரியும்?"

"போட்டுக் கேளுங்க."

இவ்வளவுதான். போட்டுக் கேளுங்க என்பது சொல்ல எவ்வளவு லேசாக இருக்கிறது பாருங்கள்.

அந்தக் காலத்து வீடியோ உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தாலி கட்டி முடிந்ததும் வீடியோக்காரர் ஒவ்வொரு பெரியவராகப் பிடித்து, "ரெண்டு வார்த்த வாழ்த்துங்க" என்பார். எங்கள் ஆட்களும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பதினாறும் பெற்று என்று தொடங்கி, பாதியில் மறந்துபோய், வணக்கம் சொல்லி முடிப்பார்கள். எங்கள் வீடியோவிலும் அப்படி ஒரு வரிசையே நிற்கிறது. கடைசியில் என் மாமனார் வருகிறார். வெள்ளை வேட்டி, தோளில் புதுத் துண்டு, நெற்றி நிறையத் திருநீறு. கேமராவுக்குக் கிட்டே வந்து, குனிந்து, என்னமோ சொல்கிறார். சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அடுத்த நொடி படம் இருட்டாகிவிடுகிறது. சரோஜா உருவம் மட்டும் மங்கலாக, நிழல் மாதிரித் தெரியும். பந்தி தொடங்கும் வரைக்கும் அந்த இருட்டுத்தான்.

என் மாமியார் உயிரோடு இருந்த வரைக்கும் அந்த இடம் வரும்போதெல்லாம் வீடியோக்காரரைத் திட்டுவார். "எம்புள்ள மொகம் தெரிய வேண்டிய எடத்துல லைட்ட அவிச்சுப்புட்டான் படுபாவி!" அந்தத் திட்டிலேயே மாமா சொன்னது காதில் விழாமல் போய்விடும். பிறகு கெசட்டில் பூஞ்சணம் பிடித்து, யார் யாரிடமோ கொடுத்து டிஸ்க்கில் ஏற்றி வாங்கினோம். அதைப் போட்ட பெட்டிகளும் ஒவ்வொன்றாக மண்டையைப் போட்டுவிட்டன. இப்போது அந்த டிஸ்க்கை வாயில் வாங்குகிறது இந்தக் கம்ப்யூட்டர் ஒன்றுதான். போனுக்கு மாற்றலாம் என்று நிரோசா பார்த்தாள். டிஸ்க் கீறல் விழுந்தது, பாதிக்கு மேல் ஏற மாட்டேன் என்றுவிட்டது.

மாமா எங்கள் கல்யாணத்துக்கு அடுத்த வருஷமே காலமாகிவிட்டார். அவர் குரல் வேறு எதிலும் இல்லை. அதனால் அந்த ஒரு இடம் சரோஜாவுக்கு எப்படிப்பட்டது என்று நான் சொல்லத் தேவையில்லை. எனக்கு இருந்த பயம் வேறு. மாமாவுக்கு பஜனைப் பாட்டு எக்கச்சக்கமாகத் தெரியும். அவர் பாட்டுக்கு நீளமான தேவாரம் எதையாவது சொல்லியிருந்தால், எட்டாம் வகுப்போடு நின்ற நான் ஆவணிக்குள் எப்படிப் பாடமாக்குவது?

வைத்தியம் தொடங்கியது. முதலில் பெட்டியைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தோம். உறுமல். கீழே இரண்டு செங்கல் வைத்து உயர்த்தினோம். உறுமல், கூடவே மேசையும் அதிர்ந்தது. சூடாகிறது போல என்று மேசைக் காத்தாடியைக் கொண்டுவந்து அதன் முகத்துக்கு நேரே வைத்தேன். இப்போது இரண்டு காத்தாடிச் சத்தம். நிரோசா வந்து, "அப்பா, இது என்னா இவ்ளோ தெறந்து வச்சிருக்கீங்க?" என்று நான் பார்த்துவிட்டு மூடாமல் விட்ட கோயில் திருவிழாப் படங்களை எல்லாம் ஒவ்வொன்றாக மூடினாள். படத்தைச் சின்னதாக்கினாள். கொஞ்சம் அடங்கியது. மாமா வந்து குனிகிற இடம் வந்ததும் சொல்லிவைத்தது போல மறுபடி எழும்பிவிட்டது.

"தையல் மெஷின் எண்ண ரெண்டு சொட்டு விடுங்க" என்றாள் சரோஜா.

"அம்மா, சும்மா இரும்மா."

"உங்க தாத்தா எண்ண விட்டுத்தான் ஸ்டோர் காத்தாடி அத்தனையும் ஓட்டினாரு. இது என்னா பெரிய காத்தாடி!"

காதில் மாட்டிக் கேட்கிறதை நிரோசா கொண்டுவந்தாள். அதைச் சொருகுகிற துளையும் எப்போதோ கெட்டுப்போயிருந்தது. கெடாமல் இருந்தாலும் சரோஜா ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள். "எங்கப்பா பேசுறத ஒவ்வொருத்தரா காதுல சொருகியா கேக்கணும்? எல்லாரும் சேந்து கேக்கணும்."

ஸ்டோர் காத்தாடி என்று சரோஜா சொன்னாளே, அதில்தான் எனக்கு எல்லாம் திரும்பி வந்தது.

மாமா பன்வில பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலை ஸ்டோரில் வேலை பார்த்தார். டவுனில் நாம் பெக்டரி என்கிறதைத் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள். மேல்மாடியில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி வைத்து, ஆள் உயரக் காத்தாடிகளால் காற்றடித்து வாட்டுவார்கள். அந்தக் காத்தாடிகள் மாமாவின் பொறுப்பு. ராவு பகலாக அந்தச் சத்தத்துக்குள்ளேயே நின்று நின்று அவருக்கு மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்றே மறந்துவிட்டது. வீட்டில் உப்புக் கேட்டால் லயத்து வரிசையில் கடைசி வீட்டுக் காம்பராவிலிருந்து உப்பு வந்துவிடும்.

கல்யாணமான புதிதில் என்னை ஸ்டோருக்குக் கூட்டிப்போனார். படியேறியதும் வாடுகிற கொழுந்தின் மணம் வந்து முகத்தில் மோதியது. பச்சையும் பழமும் கலந்தது மாதிரி ஒரு மணம், அதை வேறு எங்கேயும் நான் அனுபவித்தது கிடையாது. மாமா என் காதுக்குள் வாயை வைத்து என்னென்னவோ விளக்கினார். எனக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை. புது மாப்பிள்ளை, கேட்கவில்லை என்று சொல்ல முடியுமா? எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். சாயங்காலம் கோயில் தலைவர் வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள ஒத்துக்கிட்டீங்களாமே, ரொம்ப சந்தோசம்!" அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்குக் காவடி எடுக்கிறீங்களா என்றுதான் மாமா மேல்மாடியில் கேட்டிருக்கிறார். எடுத்தேன். அம்மன் புண்ணியத்தில் நன்றாகவே எடுத்தேன்.

எங்கள் கல்யாணம் கூடியதே ஒரு காத்தாடியால்தான். கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் அப்போது நான் துணி கிழிக்கிற வேலை. கடையில் ஒரே ஒரு காத்தாடி, கூரையில் தொங்கும். ஆட்கள் உள்ளே வந்தால் முதலாளி சுவிட்சைப் போடுவார், வெளியே போனால் அணைப்பார். அது சுற்றும்போது போடுகிற கிரீச்சில் ஆளுக்கு ஆள் சத்தமாகத்தான் பேச வேண்டும். ஒரு நாள் மாமாவும் மாமியாரும் சரோஜாவும் தீபாவளிக்குத் துணி எடுக்க வந்தார்கள். நான் ஒவ்வொரு சேலையாக விரித்துக்கொண்டிருந்தேன். மாமா தன் மனைவியிடம் ரகசியமாக ஏதோ சொல்ல நினைத்திருக்கிறார். அவருடைய ரகசியம், காத்தாடிச் சத்தத்துக்கு மேலே போகிற ரகசியம். சரியாக அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. காத்தாடி நின்றது, கடையே அமைதியானது. மாமாவின் குரல் மட்டும் நிற்கவில்லை.

"இந்தப் பையன் நம்ம சரோஜாவுக்குப் பொருத்தமா இருப்பான் போல இருக்கே!"

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சரோஜா ஒரு சேலையை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். முதலாளிதான் முதலில் சிரித்தார். "ஐயா, இப்ப எல்லாருக்கும் கேட்டுருச்சு. இனி பேசி முடிச்சிர வேண்டியதுதான்." அப்படியே பேசி முடித்தார்கள். சரோஜா முகத்தை மறைத்த அந்தச் சேலையைத்தான் அன்றைக்கு வாங்கிக்கொண்டும் போனார்கள்.

அப்பேர்ப்பட்ட தொண்டை உள்ள மனுஷன், அந்த வீடியோவில் மட்டும் மெதுவாகப் பேசியிருக்கிறார். அதுதான் எங்களுக்கு விளங்காத விஷயம். வழக்கம் போலக் கத்தியிருந்தால், காத்தாடி என்ன உறுமினாலும் கேட்டிருக்குமே.

கடைசியில் பெட்டியை சரோஜாவின் பழைய சேலையில் சுற்றி, த்ரீவீலில் மடியில் வைத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். மடவளையிலிருந்து வந்து கம்ப்யூட்டர் திருத்துகிற கடை வைத்திருக்கிற ரிஸ்வான் எனக்கு நல்ல பழக்கம். பெட்டியை வைத்துவிட்டு, விவரத்தைச் சொல்லிவிட்டு, வாசலில் போட்டிருந்த கதிரையில் உட்கார்ந்தேன். திருகாணி கழற்றுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு வந்தது சத்தமில்லை, மணம். சாம்பிராணி மணம். எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை மணம்.

"அண்ணே, இங்க கொஞ்சம் வாங்க."

போனேன்.

"இது கம்ப்யூட்டரா, கோயிலா?"

"ஏன் தம்பி?"

"உள்ளுக்குப் பாருங்க. காத்தாடி எங்க ஈக்குதுன்னே தெரியல." இருக்குது என்பது அவன் ஊர்ப் பேச்சில் ஈக்குது ஆகிவிடும்.

எட்டிப் பார்த்தேன். எல்லாம் வெள்ளை. காத்தாடி இதழ் ஒவ்வொன்றிலும் மெத்தென்று திருநீறு படிந்து, அதன் மேல் சாம்பிராணிப் புகை பழுப்பாக ஏறி, குங்குமம் அங்கங்கே சிவந்து, பழனி ஆண்டவர் அலங்காரம் மாதிரி இருந்தது.

நீங்கள் சிரிப்பதற்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன். கொரோனா வந்து கோயில் எல்லாம் பூட்டிக் கிடந்த நாட்களில், நிரோசாதான் பூசையைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினாள். நெட் ஒழுங்காக எடுக்கிற இடம் எங்கள் வீட்டில் சாமித் தட்டு இருக்கிற மூலைதான், அதனால் கம்ப்யூட்டரும் சாமித் தட்டுக்குக் கீழேயே குடிவந்தது. திரையில் தீபாராதனை நடக்கும், நாங்களும் இங்கே சூடம் காட்டுவோம். முடிந்ததும் பெட்டியின் முகத்தில், சின்னச் சின்னத் துளை இருக்கிற இடம் பார்த்து, மூன்று விரலால் திருநீறு இழுத்துவிடுவேன். ஆயுத பூசைக்குக் கத்திரிக்கோலுக்குப் போடுகிறோம், தையல் மெஷினுக்குப் போடுகிறோம். சாமியே வந்து நிற்கிற பெட்டிக்குப் போடாமல் இருக்க முடியுமா?

ஒரு வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது சரோஜா கத்தினாள். "என்னாங்க, இங்க வந்து பாருங்க!" தூபக்காலிலிருந்து எழும்பின புகை மேலே போகவில்லை. வளைந்து, மெல்லிய நூலாகி, நேரே திரையில் நிற்கிற சாமியைப் பார்த்துப் போய், பெட்டியின் துளைகளுக்குள் நுழைந்து மறைந்தது. "சாமி சாம்பிராணிய எடுத்துக்கிறாரு!" என்று சரோஜா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன். பக்கத்து வீட்டு அம்மா முகக்கவசத்தோடு வாசலில் தள்ளி நின்று கும்பிட்டுவிட்டுப் போனார். கோயில் திறந்த பிறகும் அந்தப் பழக்கத்தை நாங்கள் விடவில்லை. சாமி இவ்வளவு ஆசையாக எடுத்துக்கொள்கிறபோது நாம் நிறுத்தலாமா?

எடுத்துக்கொண்டது யார் என்று ரிஸ்வான் விளக்கினான். "படம் ஓடுறப்ப இதுக்கு வேல கூட அண்ணே. வேல கூடினா சூடு. அந்தச் சூட்ட வெளிய தள்ளத்தான் முன்னால காத்த இழுத்துச் சுத்துது. நீங்க காத்தோட சேத்து எல்லாத்தையும் குடுத்து வச்சீக்கிறீங்க. மூச்சு முட்டினா அது என்ன செய்யும்? கத்தும்."

"சாமிக்குன்னுதான் தம்பி..."

"சாமிக்கு வெளியால வச்சாப் போதாதா? உள்ளுக்கே ஊட்டணுமா?" சிரித்துக்கொண்டே மூக்கால் இழுத்தான். "வாசம் நல்லாத்தான் ஈக்குது. எங்க உம்மாவும் வெள்ளி ராவுக்கு இதத்தான் போடுவாங்க."

பிரஷ் வைத்துச் சுத்தம் செய்தான். காற்றடித்து விரட்டுகிற மெஷின் பக்கத்திலேயே இருந்தது. அதை எடுக்கவில்லை. விழுந்த திருநீற்றை எல்லாம் ஒரு வெள்ளைத் தாளில் சேர்த்து, மடித்து, என் கையில் கொடுத்தான். "குப்பையில போட ஏலாது அண்ணே. உங்க சாமி சாமான்." இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சரோஜா பிறகு அதைச் செம்பரத்தைச் செடிக்கு அடியில் போட்டாள்.

பிறகு ஒரு குழாயைப் பிதுக்கி, வெள்ளையாக ஏதோ பசையை நடுவில் ஒரு பொட்டு வைத்தான்.

"அது என்னா தம்பி?"

"சூடு எறங்கிறதுக்கு."

"பாத்தியா, சந்தனப் பொட்டு வைக்கத்தான் வேணும்."

"அண்ணே, இதோட நிப்பாட்டிக்கங்க!" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

அன்று விளக்கு வைத்து முடித்ததும் மூன்று பேரும் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தோம். நிரோசா டிஸ்க்கைப் போட்டாள். காத்தாடி சுற்றுகிறதா என்றே தெரியவில்லை. கெட்டிமேளம் முடிந்து, அட்சதை முடிந்து, வாழ்த்து வரிசை போய், மாமா வந்தார். நிரோசா சத்தத்தை முழுசாகக் கூட்டினாள். மாமா குனிந்தார்.

"தம்பி, அந்த லைட்டக் கொஞ்சம் அணைச்சிருங்க. புள்ளைக்குக் கண்ணு கூசுது. சொல்லத் தெரியாம நிக்கிறா."

படம் இருட்டானது.

நிரோசா இன்னொரு தடவை போட்டாள். அதே குரல், கோயிலுக்குள் பேசுகிற மாதிரி அவ்வளவு மெதுவாக.

சரோஜாதான் முதலில் வாயைத் திறந்தாள். "இந்த மனுசனுக்கு இவ்ளோ மெதுவா பேசத் தெரியுமா!" சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஆமாங்க. எனக்கு ஒண்ணுமே தெரியல அன்னைக்கு. ஒரே வெள்ள. கண்ணுல தண்ணியா ஊத்துது, அழுறேன்னு எல்லாரும் நெனச்சாங்க. அப்புறம் திடீர்னு குளுகுளுன்னு ஆச்சு. அம்மன்தான் காப்பாத்துச்சுன்னு நெனச்சேன்."

எனக்கும் ஞாபகம் வந்தது. அந்த ஹலோஜன் லைட்டை ஒரு ஆள் கம்பில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். பக்கத்தில் நின்றால் நெற்றிச் சந்தனம் வெடித்துவிடும். நான் வேர்வையைத் துடைப்பதில் இருந்தேன். கட்டினவன் நான், பக்கத்தில் நிற்கிறவளின் கண் கூசுவதைக் கவனித்தவர் அவர். நாலு பேர் முன்னால் சத்தம் போட்டுச் சொன்னால் மகளுக்குக் கூச்சமாகிவிடும் என்று, வாழ்நாளில் இல்லாத வழக்கமாகக் குரலை இறக்கியிருக்கிறார்.

"அம்மா அந்த வீடியோக்காரன என்னா திட்டுத் திட்டினாங்க, பாவம்" என்றாள் சரோஜா. அந்த மனுஷன் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று நான் சாமித் தட்டுக்கு நேரே நின்று கும்பிட்டேன்.

ஆக, நான் சொல்ல வேண்டிய வாழ்த்து கிடைத்துவிட்டது. தேவாரமும் இல்லை, நீளமும் இல்லை. போன வாரம் நிரோசா கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கப்போகிற தம்பி வீட்டுக்கு வந்தார். நான் முதல் கேள்வியாக, "லைட் எந்த மாதிரி தம்பி? ரொம்பக் கூசுமா?" என்றேன்.

"லைட்டா? அதெல்லாம் இப்ப இல்ல அங்கிள். கேமராவே இருட்டுல பாத்துக்கும். பொண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது."

அவர் போன பிறகு நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பன்வில ஸ்டோரைப் பூட்டிவிட்டார்கள். கொழுந்தை லொறியில் வேறெங்கோ கொண்டுபோகிறார்கள், மேல்மாடியில் காத்தாடி சுற்றுவதில்லை. அந்தப் புடவைக் கடை இருந்த இடத்தில் இப்போது போன் விற்கிறார்கள். கண்ணாடிக் கதவு, ஏசி, யாரும் யாரிடமும் கத்திப் பேச வேண்டியதில்லை. எங்கள் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகைகூட வளையாமல் நேரே மேலே போகிறது. தூபக்காலை நான்தான் தள்ளி வைத்திருக்கிறேன். இப்போது அந்த லைட்டும் இல்லையாம். மாமாவின் வார்த்தை என் கையில் இருக்கிறது, அணைக்கச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

"அப்ப நான் என்னத்தச் சொல்றது?" என்றேன்.

சரோஜா வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "கேமராவப் பாக்காதீங்க. புள்ளையவே பாத்துக்கிட்டு நில்லுங்க. என்னமாச்சும் கூசும். அப்பச் சொல்லுங்க."

"மெதுவா சொல்லணும்."

"நீங்க எப்பவும் மெதுவாத்தான் பேசுவீங்க. அதுல என்னா இருக்கு? எங்கப்பாவா நீங்க?"